பூசியதும் பூசாததும்

டாக்டர் வரதன் சொன்னதைக் கனகவேல் காதில் வாங்கினாரே தவிர, கண் என்னவோ அவர் விரலின் மேல்தான் இருந்தது. மேஜையில், இதயக் குழாய்க்குள் வைக்கிற ஸ்டென்ட்டின் இரண்டு படங்கள். ஒன்று வெறும் உலோக ஸ்டென்ட், மற்றது மருந்து பூசின ஸ்டென்ட். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். பேனாவுக்குள் இருக்கிற ஸ்பிரிங்கை இழுத்து வலை பின்னிவிட்டாற்போல. வெறும் உலோகத்தின் மேல் விரல் வந்தது, பட்டதும் எடுத்தாயிற்று. மருந்து பூசினதன் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணினார் கனகவேல். ஆக, தள்ளப் பார்க்கிற சரக்கு இதுதான். விருதுநகர் பஜாரில் முப்பத்தெட்டு வருஷம் பேரிங் கடை வைத்திருக்கிற மனுஷனுக்கு இதுகூடவா தெரியாது. மோட்டாரோ லாரியோ மக்கர் பண்ணி ஒருத்தன் கடை ஏறினால் அவர் இரண்டு பெட்டியை எடுத்துவைப்பார். வைக்கும்போதே முடிவு ஆகிவிடும். தள்ள வேண்டிய பெட்டியைத் துணியால் துடைத்து, மூடியைத் திறந்து, பேரிங்கை விரலில் மாட்டி ஒரு சுற்று சுற்றிவிடுவார். மற்றது மூடியோடு தூசியோடு அப்படியே கிடக்கும். "ஒங்க இஷ்டம், ரெண்டுமே ஓடும்" என்பார். வந்தவன் தானே யோசித்து எடுத்ததாக நினைத்துக்கொண்டு துடைத்த பெட்டியோடு போவான். இந்த டாக்டரும் இப்போது அதையேதான் சொல்கிறார், "ரெண்டுமே வேலை செய்யும் சார், முடிவு ஒங்களுது." வயசு நாற்பதுகூட இருக்காது, அதற்குள் என்ன தேர்ச்சி என்று கனகவேலுக்கு ஒரு மரியாதைகூட வந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கபுஷ்பம் படுத்திருந்தாள். பச்சைத் துணி கழுத்துவரை, தலைக்கு ஒரு தொப்பி, வலது கையை நீட்டி ஒரு பலகையில் கட்டிப்போட்டிருந்தார்கள். முப்பத்தாறு வருஷத்துப் பெண்டாட்டியை இப்படிக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்ப்பது என்னமோ போலிருந்தது. மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு ஆஞ்சியோ எடுத்தாயிற்று, படம் இங்கே திரையில் நிற்கிறது. சாம்பல் நிறத்தில் கறுப்பு வேர்கள் ஓடுகின்றன, அதில் ஒரு வேரை நடுவில் நூல் கட்டி இறுக்கினாற்போல ஒரு இடம். நடுவிலேயே ஆளைக் கூப்பிட்டுக் காட்டி, எது வைக்கலாம் சொல்லு என்று கேட்பதுதான் இங்கே வழக்கமாம். அதுவே கனகவேலுக்குப் பிடிக்கவில்லை. மோட்டாரைக் கழற்றிப் பரப்பிப் போட்டுவிட்டு அப்புறம் ஆளை அனுப்பினால் அவன் என்ன பேரமா பேசுவான். டாக்டர் சொன்னார், "முன்பக்கம் இறங்குற பெரிய குழாய் சார். தொண்ணூறு சதவீதம் அடைப்பு. இன்னைக்கே திறந்து ஒண்ணு வச்சிர்றது நல்லது. வெறும் உலோகம் வச்சா, உடம்பு அது மேல சதை வளத்து மூடப் பாக்கும், சிலருக்கு ஆறேழு மாசத்துல அதே இடம் மறுபடி சுருங்கிரும். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கு, குழாயும் சன்னம், அதனால சுருங்குற வாய்ப்பு கூடுதல். மருந்து பூசினது அந்தச் சதையை மட்டுப்படுத்தும். ஆனா சதை மூடாத கம்பியில ரத்தம் உறையலாம். அதுக்கு ரெண்டு மாத்திரை, ஒரு வருஷம், ஒரு நாள் விடாம சாப்பிடணும். நடுவுல விட்டா உயிருக்கே ஆபத்து. வெறும் உலோகத்துக்கு அந்த ரெண்டையும் ஒரு மாசம் சாப்பிட்டா பெரும்பாலும் போதும்." சொல்லிவிட்டுத் திரையையே பார்த்தார். "எனக்கு ஒண்ணுதான் புரியல. மூணு வருஷமா கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுறாங்க. போன வருஷம் அளவையும் கூட்டியிருக்காங்க. அப்படியும் இவ்வளவு எப்படிச் சேந்துச்சுன்னு தெரியல." அவர் கேட்டது கனகவேலை அல்ல, திரையை. கனகவேல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைக்க ஆரம்பித்தார்.

மேஜையில் ஒரு மைக் இருந்தது, அடியில் ஒரு பொத்தான். டாக்டர் அதை விரலால் அழுத்தினார், பக்கத்தில் சின்னதாய் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. "அம்மா, கேக்குதா?"

"கேக்குது சார்," என்று சுவரிலிருந்த பெட்டிக்குள்ளிருந்து தங்கபுஷ்பத்தின் குரல் வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது.

"ஸ்டென்ட் வச்சப்புறம் மாத்திரையெல்லாம் ஒழுங்காச் சாப்பிடுவீங்களா? ஒரு நாள்கூட விடக் கூடாது."

"அதெல்லாம் அவுக பாத்துக்கிருவாக சார். மூணு வருஷமா அவுக கையாலதான் வாங்கிப் போடுறேன். ஒரு நாள் தவறுனதில்ல."

டாக்டர் விரலை எடுத்தார், விளக்கு அணைந்தது, இனி இங்கே பேசுவது அவளுக்குக் கேட்காது. கனகவேலைப் பார்த்துச் சிரித்தார். "அப்ப கவலையே இல்ல சார். மாப்பிள்ளை வெளியதான இருக்காரு? பேசிட்டுப் பத்து நிமிஷத்துல சொல்லுங்க, அம்மா மேஜையிலயே இருக்கட்டும்," என்று ஒரு தாளும் பேனாவும் கொடுத்தார். தாளில் இரண்டு கட்டம், எதில் டிக் அடிக்கிறோமோ அது. அடியில் கையெழுத்து.

வராந்தாவில் இரும்பு நாற்காலி சில்லென்று இருந்தது. மருமகன் சுதாகரைக் காணோம், மாத்திரைச் சீட்டோடு கீழே மருந்துக்கடைக்குப் போயிருப்பதாக நர்ஸ் சொன்னாள். ஏன், இப்போதே என்ன மருந்து, இன்னும் எது வைப்பது என்றே முடிவாகவில்லையே. கனகவேல் தாளை நாலாய் மடித்தார், மறுபடி பிரித்தார். பூசினது எதுவாக இருந்தாலும் அவருக்கு ஆகாது. அவர் தொழிலில் பூச்சு என்றாலே உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். பழைய லாரியில் தேய்ந்து கழற்றிப் போட்ட பேரிங்கை எடை போட்டு வாங்கி, ஆசிட்டில் கழுவி, மினுமினுவென்று பாலீஷ் பிடித்து, நம்பரைப் புதுசாய் வெட்டி, எண்ணெய்த்தாளில் சுற்றிப் பெட்டியில் போட்டால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. நல்ல பேரிங் அப்படிப் பளபளக்காது, கொஞ்சம் மங்கலாய், தன் பாட்டுக்கு இருக்கும். வெறும் உலோகம் என்றால் அது வெறும் உலோகம். அதில் ஒளிக்க என்ன இருக்கிறது. பூசின மருந்து கொஞ்சம் கொஞ்சமாய்க் கரையும் என்கிறார், கரைந்து முடிந்த பிறகு உள்ளே மிச்சம் இருக்கப்போவதும் அதே வெறும் உலோகம்தானே. அப்போது சதை வளராதா. அதற்குள் குழாய் ஆறிவிடும் என்பார், கேட்டால் எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார், கனகவேலிடமும் எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. எதிரே ஒரு அறைக் கதவு திறந்து மூடியது, உள்ளே அலமாரி நிறைய அட்டைப்பெட்டி, டை கட்டின ஒருத்தன் பெட்டிகளை எடுத்து எடுத்துப் பின்பக்கம் என்னமோ பார்த்து ஒரு புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தான். தேதி முடியப்போகிறதை முன்னால் நகர்த்துகிறான். பின்னே எதற்குப் பின்பக்கம் பார்க்கிறான். பழைய சரக்கு முன்வரிசையில், புதுசு பின்வரிசையில், தினம் காலையில் கடை திறந்ததும் கனகவேல் செய்கிற முதல் வேலை அதுதான். தங்கபுஷ்பத்துக்கு வைக்கப்போகிறதை, எதுவானாலும் சரி, பெட்டியோடு கண்ணில் காட்டச் சொல்ல வேண்டும். சீல் உடைக்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டும். நிற்க விடுவார்களா. விடவில்லை என்றாலே விஷயம் தெரிந்துவிடும்.

சுதாகர் கையில் பையோடு படியேறி வந்தான். மதுரையில் மருந்துக் கம்பெனி ரெப்பு, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாய் ஏறி இறங்குகிறவன். இந்த டாக்டரைப் பிடித்துக் கொடுத்ததும் அவன்தான். மாமனாரைப் பார்த்ததும் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்ன மாமா சொல்றாரு?"

"ரெண்டு தினுசு இருக்காம். எது வேணும்னு கேக்குறாரு."

"மருந்து பூசினதையே வச்சிருவோம் மாமா. அத்தைக்குச் சுகர் வேற இருக்கு."

"சுகருக்கு அதுதான்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்? முன்னாடியே பேசிட்டீகளா?"

"இந்த லைன்ல இருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்சதுதான் மாமா."

"காலையில லிஃப்ட்கிட்ட அவர்கூடச் சிரிச்சுப் பேசிட்டு இருந்தீகளே, அதான் கேட்டேன்."

"அவர் நான் பாக்குற டாக்டர் மாமா. மொறச்சுக்கிட்டா பேச முடியும்?" என்றவன் கொஞ்சம் இறங்கி வந்தான். "நான் விக்கிறது இருமல் மருந்து. ஸ்டென்ட்டுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல. வேணும்னா வெறும் உலோகமே வைக்கச் சொல்லுங்க, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா மறுபடி அடைச்சா அத்தையத் திரும்ப இதே மேஜைக்குக் கொண்டாரணும். பூசினதுல உள்ள ஒரே தொந்தரவு மாத்திரைய விடாமக் குடுக்கணும். அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே. ஒங்கள மாதிரி யாரு குடுப்பா. எங்க வீட்ல சொல்லிச் சொல்லி மாஞ்சு போவா, எங்கப்பாதான் எங்கம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் குடுக்குறாக, நீங்க எனக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுத்திருக்கீகளான்னு." சொல்லிவிட்டு அவன் சிரித்தான். கனகவேல் சிரிக்கவில்லை. பையில் என்ன மாத்திரை என்று கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் தாளை மறுபடி நாலாய் மடித்தார். சுதாகருக்கு போன் வந்தது, எழுந்து ஜன்னல் பக்கம் போனான்.

நினைப்பு இருக்கிறதே, அது எந்தத் தெருவுக்குள் போகக் கூடாது என்று விரட்டுகிறோமோ அந்தத் தெருவுக்குள்தான் வாலை ஆட்டிக்கொண்டு போகும். கனகவேல் பேரிங்கைப் பற்றி நினைத்தார். வெகுகாலத்துக்கு முந்தி ஒரு மில்லில் பெரிய பேரிங் ஒன்று நாலே நாளில் வெந்து நீலம் பாரித்துப்போனது. சரக்கு மட்டம் என்று அவர் கடை வாசலில் வந்து சத்தம் போட்டார்கள். போய்ப் பார்த்தால், ஃபிட்டர் அக்கறையில் கிரீஸை மூச்சு முட்ட அடைத்துவைத்திருக்கிறான். உள்ளே இருக்கிற இடத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கிரீஸ் இருக்க வேண்டும், கூடினால் அது கடையப்பட்டுச் சூடாகி பேரிங்கையே தின்றுவிடும் என்று மில் இன்ஜினியர் சொன்னார். அன்றிலிருந்து கடைக்கு வருகிற அத்தனை பேரிடமும் கனகவேல் அதைச் சொல்லி அனுப்புவார், எதையும் அளவோட வைங்க, கம்பெனிக்காரன் டப்பா காலியாகணும்னுதான் சொல்லுவான். மூன்று வருஷத்துக்கு முந்தி விருதுநகர் டாக்டர் தங்கபுஷ்பத்துக்குக் கொலஸ்ட்ரால் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரையோடு பெட்டியில் பொடி எழுத்தில் ஒரு தாள் வந்தது. உலகத்தில் ஒருத்தரும் படிக்காத அந்தத் தாளைக் கனகவேல் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். ஈரல் கெடலாம், தசை வலிக்கலாம், இன்னும் என்னென்னமோ. பத்தாம் நாள் தங்கபுஷ்பம், "ஏங்க, கெண்டைக்கால் கடுகடுன்னு இழுக்குது" என்றாள். போதாதா. மறுநாள் கடைக்கு ஒரு அட்டையை எடுத்துப்போய், ஆயில் சீல் பிரிக்கிற பிளேடால் ஒவ்வொரு மாத்திரையையும் சரிபாதியாய் அறுத்து, ஒரு காலி பேரிங் பெட்டியில் போட்டுவைத்தார். எப்பேர்ப்பட்ட கை அது, ஒரு துகள் சிந்தாது. பாதி போதும். ஞாயிற்றுக்கிழமை அதுவும் வேண்டாம், ஓடுகிற எந்த இயந்திரத்துக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டும். கால் வலி விட்டது. கனகவேலுக்குப் பிடிபடவில்லை பெருமை. போன வருஷம் அந்த டாக்டர், கொழுப்பு குறையவில்லையே என்று பத்து மில்லிகிராமை இருபதாக்கினார். பார்த்தாயா, ஏற்றிக்கொண்டே போவான் என்று நினைத்தவர் அந்த இருபதையும் அறுத்துப் பத்தாக்கினார்.

ராத்திரிச் சாப்பாடு முடிந்து, கையைக் கழுவிவிட்டு வந்து டிவி முன்னால் உட்கார்ந்து, தங்கபுஷ்பம் வலது உள்ளங்கையை நீட்டுவாள். பார்க்க மாட்டாள். அவள் கண் டிவியில் இருக்கும், கை மட்டும் இவர் பக்கம் வரும். இவர் சர்க்கரை மாத்திரையையும் அந்தப் பாதியையும் போடுவார். ஞாயிறு என்றால் சர்க்கரை மாத்திரை மட்டும். அவள் மூடுவாள், வாயில் போடுவாள், தண்ணீர் குடிப்பாள். மூன்று வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தக் கைக்குள் என்ன விழுகிறது என்று அவள் குனிந்து பார்த்ததில்லை. கடைக்கு வருகிற அத்தனை பேரும் பேரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், காதில் வைத்துச் சுற்றிப் பார்ப்பார்கள், நகத்தால் கீறிப் பார்ப்பார்கள். இவள் ஒருத்திதான் பார்க்காமல் வாங்கினவள். ஒரு தரம் மட்டும், "என்னங்க, இப்பல்லாம் மாத்திரை கசக்குது" என்றாள். மாத்திரைக்கு மேலே கசப்புத் தெரியாமல் இருக்க ஒரு பூச்சு இருக்கிறது, பிளேடு வைத்தால் அறுபடுகிற பக்கத்தில் கசப்பு வெளியே வந்துவிடும். அது அவருக்கு அப்போதே தெரியும். "கம்பெனிக்காரன் மாத்திட்டான், எல்லாம் களவாணிப் பயக" என்றார் கனகவேல். அவளும் ஆமா என்றாள். வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற இந்த நேரத்தில் அந்தக் கசப்பு தன் நாக்கிலேயே இருக்கிற மாதிரி இருந்தது, எச்சிலைக் கூட்டி விழுங்கினார், போகவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

சரி, தாளில் டிக் அடிக்க வேண்டியதுதானே. வெறும் உலோகம். அவர் கை பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டது, முனை அந்தக் கட்டத்துக்கு மேலே வந்துவிட்டது. ஒரு மாசம். ஒரு மாசம் என்றால் முழுசாய்க் கொடுத்துவிடலாம், அறுக்காமல், ஞாயிறு விடாமல். முப்பது நாள் யாரால்தான் முடியாது. அப்புறம் எப்போதும் போல. யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை, டாக்டர் திரையைப் பார்த்து ஒன்றும் புரியவில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கட்டும். இந்த இடத்தில் பேனா நின்றது. இதுவரைக்கும் டாக்டரைச் சந்தேகப்பட்டாயிற்று, டை கட்டினவனைச் சந்தேகப்பட்டாயிற்று, பெண்ணைக் கொடுத்த மருமகனையும் விடவில்லை. இந்தக் கை ஏன் இத்தனை அவசரமாக அந்தக் கட்டத்துக்குப் போகிறது என்று கனகவேல் இப்போதுதான் பார்த்தார். கையைப் பார்த்தால் ஆளைச் சொல்லிவிடுவாரே. பூச்சு பிடிக்காததாலா, அல்லது பூசினதற்கு ஒரு வருஷம் என்பதாலா. பதினாலு வருஷத்துக்கு முந்தி ஆலங்குளத்துப் பக்கத்திலிருந்து வெள்ளாமை பார்க்கிற ஒரு சம்சாரி வந்தான், கிணற்று மோட்டாருக்கு பேரிங் கேட்டு. துடைத்த பெட்டியை எடுத்துக்கொண்டு போனான், பாலீஷ் சரக்கு. பதினெட்டாம் நாள் திரும்பி வந்து கடை வாசலில் நின்றான். கத்தவில்லை. கதிர் பால் பிடிக்கிற நேரத்துல மோட்டார் நின்னு போச்சுங்க என்று மட்டும் சொன்னான். கனகவேல் அந்த பேரிங்கை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், "ஒங்க ஃபிட்டர் சரியா மாட்டல" என்றார். அவன் நம்பினான். கும்பிட்டுவிட்டுப் போனான். அவனை ஏன் இப்போது நினைக்க வேண்டும், பேர்கூடத் தெரியாதே. நாளைக்குத் தங்கபுஷ்பத்துக்கு ஏதாவது ஆனால் டாக்டர் சரியா மாட்டல என்று சொல்வார் கனகவேல், எல்லாரும் நம்புவார்கள், மகள் நம்புவாள். சரி, பூசினதிலேயே டிக் அடித்துவிட்டு, இனிமேல் ஒழுங்காய் இருப்போம், வாயைத் திறக்க வேண்டாம், என்று ஒரு வழி தோன்றியது. அது நல்ல வழியாகத்தான் இருந்தது. ஆனால் ஆறாம் மாசம் அவளுக்குப் பல்லீறில் ரத்தம் வரும், கையில் எங்கேயாவது கன்றிப்போகும், பொடி எழுத்துத் தாளில் அதுவும் இருக்கும், அப்போது இந்த மனுஷன் என்ன செய்வார் என்று இந்த மனுஷனுக்கே நன்றாகத் தெரியும். பிளேடு கடையில் கல்லாவுக்குப் பக்கத்து டிராயரில் இருக்கிறது. எதிராளியை நம்பாமல் எத்தனையோ ராத்திரி தூங்காமல் இருந்திருக்கிறார், தன்னை நம்ப முடியவில்லை என்பது அவருக்குப் புதுசு. பயமாக இருந்தது. தாளில் எதிலும் டிக் அடிக்காமல் எழுந்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். டாக்டர் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து, "இதோ ஆயிருச்சும்மா, அசையாமப் படுத்திருங்க, சார் வந்துட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கனகவேலுக்கு இப்போது யாருடைய விரலையும் பார்க்கத் தோன்றவில்லை. நின்ற வாக்கிலேயே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"சார், நான் பாதிதான் குடுத்தேன்."

டாக்டர் அப்படியே திரும்பிப் பார்த்தார்.

"கொலஸ்ட்ரால் மாத்திரை. மூணு வருஷமா பாதிப் பாதியா அறுத்துத்தான் குடுத்தேன். ஞாயித்துக்கிழமை அதுவும் கிடையாது. டோஸைக் கூட்டுனாக, நான் அதையும் அறுத்தேன். அவளுக்குத் தெரியாது சார். அவ பாக்க மாட்டா, கையில போட்டா அப்படியே முழுங்கிருவா. ஒங்களுக்குப் புரியலன்னு சொன்னீகள்ல, அது மாத்திரையோட குத்தமில்ல. நாந்தான்."

டாக்டர் கோபப்படுவார் என்று கனகவேல் எதிர்பார்த்து நின்றார், அது வரவில்லை. டாக்டரின் பார்வை மெதுவாகக் கீழே இறங்கி மேஜைக்குப் போனது. கனகவேலும் பார்த்தார். டாக்டரின் விரல் பொத்தானின் மேலேயே இருந்தது. பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டாக்டர் விரலைச் சட்டென்று எடுத்தார், எடுத்து என்ன ஆகப்போகிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கபுஷ்பம் அசையவில்லை. அசையக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே. கண் திறந்திருந்தது, மேலே இருந்த விளக்கைப் பார்த்தபடி. சுவர்ப் பெட்டியிலிருந்து அவள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது, இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு. அந்த மூச்சு நின்றுவிடுமோ என்று கனகவேலின் உயிர் அந்தப் பெட்டியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் தணிந்த குரலில் சொன்னார், "சொன்னது நல்லது சார். இல்லன்னா அந்த மாத்திரை கேக்கலன்னு நினைச்சு நான் வேற எதையாவது ஏத்தியிருப்பேன். இப்ப எதை வைக்கிறதுங்கறதும் இதப் பொறுத்துத்தான். ஒரு வருஷம் முழுசாக் குடுப்பீங்கன்னு நான் நம்பலாமா?" கனகவேல் வாயைத் திறந்தார். குடுப்பேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். கடையில் அந்த டிராயர்தான் கண்ணில் நின்றது.

"சார்," என்றது சுவர்ப் பெட்டி.

டாக்டர் பொத்தானை அழுத்தினார். "சொல்லுங்கம்மா."

"எது நல்லதோ அதையே வைங்க சார். நர்ஸம்மா சொன்ன அந்த மருந்து பூசினது நல்லதுன்னா அதையே வைங்க. மாத்திரைய எங்கிட்டயே குடுத்துருங்க. எனக்குப் படிக்க வராது, கலரச் சொன்னா போதும். நான் பாத்துக்கிருவேன்."

டாக்டர் கனகவேலிடமிருந்து தாளை வாங்கி மருந்து பூசினதற்கான இரண்டாவது கட்டத்தைக் காட்டினார். கனகவேல் டிக் அடித்து, கையெழுத்துப் போட்டார். பெட்டியைக் காட்டுங்கள், தேதியைக் காட்டுங்கள், சீல் உடைக்கும்போது நான் நிற்க வேண்டும் என்று ஒன்றும் கேட்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து நர்ஸ் வந்து நல்லபடியாய் முடிந்தது என்று சொன்னபோது, சுதாகரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் விடவே இல்லை. மாமனாருக்கு என்ன ஆச்சு என்று அவனுக்கு விளங்கவில்லை.

சாயங்காலம் வார்டில், நர்ஸ் மாத்திரை அட்டைகளைக் கொண்டுவந்து தங்கபுஷ்பத்தின் மடியில் வைத்தாள். இது ரோஸ், காலையில, இது வெள்ளை, காலையிலயும் ராத்திரியும், இது கொலஸ்ட்ரால், மஞ்சள், இப்ப, என்று சொல்லிக் கொடுத்தாள். தங்கபுஷ்பம் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். மத்தியானத்திலிருந்து அவள் கனகவேலிடம் பேசாமல் இல்லை. தண்ணி குடிச்சீகளா, மகளுக்குச் சொல்லியாச்சா, பூனைக்குப் பால் வைக்க எதுத்த வீட்ல சொல்லுங்க, எல்லாம் பேசினாள். அந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஒரு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு. நர்ஸ் போன பிறகு மஞ்சள் அட்டையை எடுத்துப் பார்த்தாள். வலது மணிக்கட்டில் கட்டு, இடது கையில் ஊசி, அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்க வரவில்லை. இரண்டு தரம் பார்த்துவிட்டு அட்டையை அவரிடம் நீட்டினாள். கனகவேல் பிதுக்கினார். அவள் கட்டுப் போட்ட கையை எப்போதும் போல நீட்டினாள், அவர் எப்போதும் போல அதில் போட்டார். முழு மாத்திரை. அவள் கையை மூடவில்லை. குனிந்து பார்த்தாள். மறு கையின் விரல் நுனியால் அதைப் புரட்டி, அந்தப் பக்கத்தையும் பார்த்தாள். பிறகுதான் தண்ணீர் கேட்டாள்.